ஒரே கட்டத்தில் ஈயும் ஒட்டகமும்

அண்ணாமலைச்சேரி, விடியல்

தை பிறந்து ஒரு வாரம். படகில் ஏறும்போது மணி ஐந்தே முக்கால். ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத சாம்பல் வெளிச்சம். படகுக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கோல் ஊன்றித் தள்ளுகிறார். கோல் இடுப்பளவு இறங்கியதுமே தரை தட்டுகிறது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஆனாலும் பல இடங்களில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்துவிடலாம். இரண்டு மாநிலங்களுக்குக் குறுக்கே பாய் விரித்து, அதன் மேல் தண்ணீர் ஊற்றி வைத்தது போல.

தூரத்தில் புடவைக் கரை மாதிரி வெளிர்சிவப்பாக ஒரு கோடு. நெருங்க நெருங்கக் கோடு கால்களாகவும் கழுத்துகளாகவும் பிரிகிறது. பூநாரைகள்.

"ஒண்ணு எவ்ளோ வெயிட்டு இருக்கும், சொல்லுங்க சார்."

என் தோள் வரைக்கும் வரும் பறவை. யோசித்து, "பத்துப் பன்னிரண்டு கிலோ?" என்றேன்.

சிரித்தார். "மூணு கிலோ இருந்தா பெருசு."

அவர் நிறுத்துப் பார்த்தவரில்லை, தூக்கிப் பார்த்தவர். சில வருடங்களுக்கு முன் வலையில் கால் சிக்கிக் கிடந்த ஒன்றை விடுவிக்க, இரண்டு கையாலும் அள்ளி எடுத்திருக்கிறார். பெரிய பாரம் என்று நினைத்து மூச்சை இழுத்துப் பிடித்துக் குனிந்தாராம். "தலகாணியத் தூக்குன மாதிரி வந்துடுச்சி சார். நான்தான் பின்னால சாஞ்சிட்டேன்."

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்தேன். பெரும் பூநாரை ஒன்றரை மீட்டர் வரை வளரும். எடை 2 முதல் 4 கிலோ. உயரத்தில் பள்ளிக்கூடப் பையன், எடையில் அவன் புத்தகப்பை.

அந்தக் காலும் ஏமாற்றுக்காரக் கால். நடுவில் பின்பக்கமாக மடிகிறதே, அதை முழங்கால் என்றுதான் நினைத்திருந்தேன். அது கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. நாம் கால் என்று பார்ப்பதில் பாதிக்கு மேல் பாதம். வாழ்நாள் முழுக்க நுனிவிரலில் நிற்கும் பறவை அது.

படகுக்காரர் பின்னால் சாய்ந்த கணத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கண் சொன்ன கணக்கைக் கை திருத்திய கணம்.


சுவர்ப் படம்

என் முதல் விலங்குகளை நான் பார்த்தது உயிரெழுத்து அட்டையில். ஆ என்றால் ஆடு. ஈ என்றால் ஈ. எ என்றால் எலி. ஒ என்றால் ஒட்டகம். ஓ என்றால் ஓடம். எல்லாம் ஒரே அளவுக் கட்டங்கள். ஈயும் ஒட்டகமும் ஒரே உயரம். எலி ஏறிப் போக முடியாத அளவுக்கு ஓடம் சிறியது.

அட்டையைச் செய்தவர் மேல் பிழை இல்லை. எழுத்துக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் அடங்க வேண்டும் படம். ஆனால் அந்த அட்டை கண்ணுக்குள் எங்கோ ஒட்டிக்கொண்டுவிட்டது. பிறகு வந்த பாடப்புத்தகம், தொலைக்காட்சி, கைபேசி எல்லாமே அதே கட்டத்தின் தம்பிகள்தான். திமிங்கலமும் தேன்சிட்டும் உள்ளங்கைத் திரையில் ஒரே அகலத்துக்கு வந்து போகின்றன.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு முதல் முறை அழைத்துப் போனபோது எனக்கு எட்டு வயதிருக்கும். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டின் அருகே நின்று, "இது எந்த மிருகம்?" என்று அப்பாவைக் கேட்டேன். திமிங்கலம் எனக்கு நன்றாகத் தெரிந்த விலங்கு. வால் தூக்கி, தலையிலிருந்து நீர் பீய்ச்சும். நீல நிறத்தில், என் சிலேட்டை விடச் சிறியதாக இருக்கும். இந்த எலும்பு மலையையும் அதையும் மனம் இணைக்க மறுத்தது.


டச்சுக்காரர் கல்லறை

வெயில் ஏறிவிட்டது. பழவேற்காடு ஊருக்குள், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள். உள்ளே பலகை பலகையாகக் கல்லில் டச்சு எழுத்து, கப்பல், கேடயம். 1613இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரைத் துணியை வாங்கிக் கிழக்குத் தீவுகளில் கொடுத்து, வாசனைச் சரக்கு வாங்கிய வியாபாரம். இந்தக் கரையில் அவர்களுக்கு நெடுநாள் இதுதான் தலைமையிடம்.

அதே கம்பெனியின் கப்பலில் 1633இல் இலங்கையிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஒரு பெண் யானைக்குட்டி போய் இறங்கியது. அங்கே அதற்கு ஹான்ஸ்கன் என்று பெயர். நம் பக்கத்து 'ஆனை'தான் டச்சு வாயில் செல்லப் பெயராகி அப்படி ஆனது என்கிறார்கள். ஊர் ஊராக, சந்தை சந்தையாகக் காட்டினார்கள். கொடி அசைக்கவும் கத்தி பிடிக்கவும் பழக்கினார்கள். 1637இல் ஓவியர் ரெம்பிராண்ட் அதைக் கறுப்புச் சாக்குக்கட்டியால் வரைந்தார். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது தோல். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் அந்தத் தோலை, பார்த்துப் பார்த்து, கை ஓயாமல் கோடு போட்டிருக்கிறார். யானை எப்படியிருக்கும் என்று கேள்வி மட்டும் பட்டிருந்தவர்களின் படங்களில் தும்பிக்கை எக்காளம் மாதிரி இருக்கும். இவர் பக்கத்தில் நின்றவர்.

ஹான்ஸ்கன் 1655இல் பிளாரன்ஸ் நகரில் இறந்தது. எலும்புக்கூடு இன்னும் அங்கேயே இருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. 1758இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் ஆசிய யானைக்கு அறிவியல் பெயர் வைத்தார். அந்தப் பெயரின் பின்பாதிக்கு 'மிகப் பெரியது' என்று பொருள். அவர் முன்னால் இருந்த மாதிரிகளில் முக்கியமானது, சாராயப் புட்டியில் ஊறிய ஒரு கருக்குட்டி. புட்டிக்குள் அடங்கியதைப் பார்த்து 'மிகப் பெரியது' என்று எழுதியிருக்கிறார். 2013இல் சோதித்தபோது அது ஆசிய யானையே இல்லை, ஆப்பிரிக்க யானையின் கரு என்று தெரிந்தது. அதன் பிறகு ஆசிய யானைக்கு உரைகல்லாக வைக்கப்பட்டது, லின்னேயஸ் குறிப்பிட்டிருந்த பழைய நூல் ஒன்றில் வரும் பிளாரன்ஸ் எலும்புக்கூடு. நம் ஆனைதான்.

கல்லறை வாசல் எலும்புக்கூடுகளை மறுபடி பார்த்தேன். மனித அளவுக்கும் சிறியவை. எலும்பு என்று தெரிந்துகொள்ள அவ்வளவே போதும் என்று நினைத்திருப்பார் சிற்பி.


விரல் நுனி

கலங்கல் தண்ணீரில் நான்கைந்து பெண்கள் தவழ்கிறார்கள். தலை மட்டும் வெளியே. பல்லில் கடித்திருக்கும் கயிற்றில் பனையோலைப் பறி தொங்குகிறது. இருளர் வீட்டுப் பெண்கள். கையால் இறால் பிடிப்பவர்கள். இரண்டு கையையும் சேற்றில் பரப்பி, மெல்ல ஒன்றை நோக்கி ஒன்றை நகர்த்துகிறார்கள். ஒரு சின்னத் துள்ளல். கை மேலே வருகிறது, பறிக்குள் போகிறது, மறுபடி கீழே. வாயில் கயிறு இருப்பதால் பேச்சு இல்லை.

கரையேறிய ஓர் அக்காவிடம் கேட்டேன்: "அடியில என்ன கிடக்குதுன்னு எப்படித் தெரியும்க்கா?"

"தொட்டாத் தெரியாதா?" என்று திருப்பிக் கேட்டார்.

பிறகு, நான் பேந்தப் பேந்த விழிப்பதைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னார். மீசை பட்டால் இன்ன அளவு, முதுகு பட்டால் இன்ன அளவு. சின்னது என்றால் விரல் தானே விட்டுவிடும். கெளிறு என்றால் முள் குத்துவதற்கு முன்பே கை விலகிக்கொள்ளும். அவர் வலது கை விரல்களின் நுனி வெளுத்துச் சுருங்கி, கோடு கோடாகக் கீறல் விழுந்திருந்தது. நகம் தேய்ந்து சதையோடு சமமாக இருந்தது.

இந்த இறால்களின் கணக்கும் விசித்திரம். தாய் இறால் முட்டை விடுவது கடலில். குஞ்சு, கண்ணிமை மயிரின் பருமனில், ஏறுநீரோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்துவிடுகிறது. இங்கே சேற்றில் தின்று வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகிறது. கருவண்டு இறால் என்று நாம் வாங்கும் பெரிய வகை முற்றினால் ஒரு சாணைத் தாண்டும். மயிரிழையாக உள்ளே வந்து சாணாக வெளியே போகிறது. நடுவில் எந்த அளவில் இருக்கிறது என்பது அந்த விரல்களுக்குத்தான் தெரியும்.

அந்த அக்காவின் உலகத்தில் கட்டம் போட்ட படம் இல்லை. அவர் ஓர் உயிரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதன் அளவை அறிந்துவிடுகிறார்.


நண்டு கம்பெனி

ஓலைக் கொட்டகை. தராசு, நீல நிறப் பிளாஸ்டிக் கூடைகள், ஈரச் சாக்கு. சேற்று நண்டுகளை நைலான் கயிற்றால் கொடுக்கோடு இறுக்கிக் கட்டி அடுக்கியிருக்கிறார்கள். உயிரோடு சென்னை போய், அங்கிருந்து விமானம் ஏறி சிங்கப்பூர் வரை போகும். இரண்டு கிலோவைத் தாண்டி வளரக்கூடிய நண்டு இது. கூடையில் இருந்ததில் மிகப் பெரியது ஒரு கிலோ சொச்சம். அதன் கொடுக்கு என் மணிக்கட்டை விடத் தடிமன். நகரத்து மீன் கடையில் நீலக்கால் நண்டை மட்டுமே பார்த்த கண்ணுக்கு அது வேறு ஏதோ மிருகம்.

நிறுப்பவர் ஒன்றை எடுத்து, அடிவயிற்று ஓட்டைக் கட்டை விரலால் அழுத்தினார். தனியாக வைத்தார்.

"ஏன்?"

"தண்ணி நண்டு. உள்ள சரக்கு இல்ல."

நண்டு மெல்ல மெல்ல வளர்வதில்லை. குதித்துக் குதித்து வளர்கிறது. பழைய ஓடு பின்பக்கம் பிளக்க, அதன் வழியாகப் பின்னோக்கி ஊர்ந்து வெளியே வரும். அப்போது உடம்பு கொழகொழவென்று துணி மாதிரி இருக்கும். உடனே தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. உப்பிய அளவுக்குப் புது ஓடு இறுகுகிறது. ஆக ஓடு பெரியது. உள்ளே இருப்பது தண்ணீர். பிறகு வாரக்கணக்கில் தின்று தின்று அந்த இடத்தைச் சதையால் நிரப்ப வேண்டும். முதலில் பெரிய வீட்டைக் கட்டிவிட்டு அப்புறம் குடும்பத்தைப் பெருக்குகிற மாதிரி.

பார்வைக்கு இரண்டும் ஒரே அளவு. கட்டை விரலுக்கு மட்டும் வித்தியாசம் தெரிகிறது. அந்த அழுத்தலில்தான் விலை பாதியாகிறது.

கூடையை மறுபடி பார்த்தேன். ஒன்றுகூடச் சிவப்பாக இல்லை. சேற்றுப் பச்சை, பாசிக் கறுப்பு. சிவப்பு எல்லாம் ஓட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு புரதம் அந்தச் செந்நிறப் பொருளைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறது. கொதிநீரில் கட்டு அவிழ்ந்து சிவப்பு வெளியே வருகிறது. காலையில் பார்த்த பூநாரையின் சிவப்பும் அதே குடும்பம். பிறக்கும்போது அது சாம்பல் நிறம். பாசியும் கூனிப்பொடியும் தின்று தின்றுதான் இறகில் நிறம் ஏறுகிறது. ஒரே சிவப்பு: பறவைக்கு உயிரோடிருக்கும்போது, நண்டுக்கு வெந்த பிறகு.


கொசு உள்ளான்

பிற்பகல். நீர் வற்றிய சேற்றுத் திட்டு. தொலைநோக்கியில் பெரிய கோட்டான் என்ற கரைப்பறவை ஒன்று வளைந்த அலகால் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தது. அதன் காலடியில் ஏதோ உருண்டது. சருகு என்று நினைத்தேன். சருகு ஓடிற்று, நின்றது, தையல் ஊசி போல டக்டக்கென்று குத்திற்று. கொசு உள்ளான்.

பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. உள்ளான்களிலே கொசு. இந்தப் பறவையைப் படத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். படத்தில் அது புறா அளவு. நேரில் சிட்டுக்குருவிதான். எடை 20, 30 கிராம். ஓர் எலுமிச்சம்பழத்தை விட லேசு. குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் கரையோரத்து உறைநிலத்தில். அங்கிருந்து இந்தச் சேற்றுக்கு வர ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்திருக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் திரும்பிப் போகும்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து கிளம்பும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் 44 மீட்டர் உயரம். 320 டன் எடை. ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். குப்பத்துக் கரையில் நின்று பார்த்தால் அது ஊதுவத்தி நுனியளவு கனல். பத்து எண்ணுவதற்குள் மேகத்துக்குள் போய்விடும். சத்தம் பிறகுதான் வந்து சேரும். "தீபாவளி ராக்கெட்டே இத விட பெருசாத் தெரியும்" என்றார் படகுக்காரர்.

எலுமிச்சம்பழத்தை விட லேசான ஒன்று கண்டம் தாண்டி வந்து என் முன்னால் தின்றுகொண்டிருக்கிறது. 320 டன் ஊதுவத்தியாகத் தெரிகிறது. கண்ணை நம்பித்தான் இத்தனை நாளும் பெரியது சிறியது என்று பேசிக்கொண்டிருந்தேன்.


பங்குனி ஆமை

முகத்துவாரத்துக்குத் தெற்கே, கடல் பக்கத்து மணலில் ஓர் ஆமை ஒதுங்கியிருந்தது. செத்து இரண்டு நாளாகியிருக்கும். கண் இருந்த இடத்தை நண்டுகள் தோண்டியிருந்தன.

பங்குனி ஆமையை நான் எப்போதும் பார்த்தது உள்ளங்கைக் குஞ்சாக. பத்திரிகைப் படங்களில் எல்லாம் அதுதானே: யாரோ ஒரு தன்னார்வலரின் கை, அதன் மேல் நான்கு சென்டிமீட்டர் கறுப்புப் பொம்மை, பின்னால் அலை. மணலில் கிடந்தது இரண்டடி நீள ஓடு. உயிரோடிருந்தபோது நாற்பது கிலோ இருந்திருக்கும். முன் துடுப்பு ஒன்றைப் பிடித்துத் திருப்பப் பார்த்தேன். நகரவில்லை.

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இப்படி ஒதுங்கின. ஆமை மூச்சு விட மேலே வர வேண்டும். இழுவை வலைக்குள் மாட்டினால் வர முடியாது. வலையில் ஆமை தப்பிக்கும் வழியை வைக்கச் சட்டம் சொல்கிறது. 'ஆயிரம்' என்று செய்தித்தாளில் படித்தபோது மனதில் வந்தவை அந்த உள்ளங்கைப் பொம்மைகள்தான். அதனால்தானோ என்னவோ, அன்றைக்குப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். ஆயிரம் என்றால் இப்படித் திருப்ப முடியாத ஆயிரம் என்று அந்தத் துடுப்பைப் பிடித்திருந்தபோதுதான் உறைத்தது.


திண்ணை

மாலையில் படகுக்காரரின் வீடு. அவருடைய நைனாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. பார்வை மங்கல். கை மட்டும் ஓயவில்லை. பேசும்போது வலை பின்னும் ஊசி விரலுக்கிடையில் இருப்பது போலவே ஆடுகிறது.

பாடு பற்றிக் கேட்கத்தான் போனேன். முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. பேச்சு மீனுக்குத் திரும்பியது.

"கொடுவா எவ்வளவு பெருசு பாத்திருக்கீங்க ஐயா?"

வலது கையைத் தரையிலிருந்து உயர்த்தி, திண்ணையில் உட்கார்ந்திருந்த பேரனின் தோளில் வைத்தார். பையனுக்குப் பத்து வயது. மகனைப் பார்த்தேன். அவர் சிரித்தபடி தன் முழங்கையையும் விரல் நுனியையும் காட்டினார். முழம். கொஞ்சம் தாராளமாக ஒன்றரை முழம்.

கொடுவாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஆணாக இருக்கும். சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். பெரிய கொடுவா பெரும்பாலும் பெண்தான். பேரன் தோளுயரத்துக்கு வளர விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் குறைவது மீனின் நீளம் மட்டுமில்லை.

பிறகு கிழவர் வேளாவைப் பற்றிச் சொன்னார். மூக்கில் வாள் வைத்த மீன். "வலையில அது பட்டா வலைய மறந்துட வேண்டியதுதான்" என்றார். வாள் மட்டும் எவ்வளவு என்று காட்ட இரண்டு கையையும் விரித்தார். முழுப் பாகம் விரிய வேண்டும். தோள் வலித்ததோ என்னவோ, முக்கால்வாசியில் நின்றுவிட்டது. மீதியை முகத்தால் காட்டினார்.

வேளா சுறா போல இருக்கும். உண்மையில் திருக்கையின் உறவு. ஆறு மீட்டர் வரை வளரும். வாளின் ஓரத்தில் பல் மாதிரி இருப்பவை பல் இல்லை, மாறிப்போன செதில். கடற்கரைக் கோயில்களிலும் மாதா கோயில்களிலும் அந்த வாளைக் காணிக்கையாக வைத்திருப்பார்கள். பட்டினப்பாலையில் பரதவர் சுறவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபடுகிறார்கள். அது வேளாவின் வாளாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். 2001 முதல் அதைப் பிடிப்பதே குற்றம். பிடிக்க ஒன்று வந்தால்தானே என்கிறார் மகன். அவர் இதுவரை பார்த்ததில்லை.

1995இல் டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: நகரும் அடிக்கோடு. ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்ததையே இயற்கையின் அளவு என்று எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்து குறைந்ததை மட்டும் இழப்பாகக் கணக்கு வைக்கிறது. அமெரிக்காவில் கீ வெஸ்ட் என்ற ஊரில், தூண்டில் போட்டுத் திரும்பியவர்கள் பிடித்த மீனைப் பலகையில் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். 1956 முதல் 2007 வரை எடுத்த படங்களை அடுக்கி ஒருவர் அளந்தார். மீனின் சராசரி எடை சுமார் 20 கிலோவிலிருந்து 2.3 கிலோவுக்கு இறங்கியிருந்தது. கடைசிப் படங்களிலும் ஆட்கள் அதே அளவு சிரிக்கிறார்கள்.

நைனாவின் கை, மகனின் முழம். இரண்டும் பொய்யில்லை.


அங்கன்வாடி

கிளம்பும் நாள் காலை. பேரனின் தங்கையை அங்கன்வாடியில் விட அவள் அம்மா போனார். பேருந்துக்கு நேரமிருந்ததால் நானும் கூடப் போனேன். உள்ளே சுண்டல் வேகும் வாசனை. சுவரில் அட்டை. அதே கட்டங்கள். ஆடு, ஈ, எலி, ஒட்டகம், ஓடம். பக்கத்தில் இன்னோர் அட்டை, மெய்யெழுத்துக்கும் உயிர்மெய்க்கும். ந என்ற இடத்தில் நண்டு. பளபளவென்று குங்குமச் சிவப்பு. இரண்டு கண்ணும் கொம்பில் ஏறியிருக்க, சிரிக்கிறது.

"இது என்ன பாப்பா?"

"நண்டு."

கொஞ்சம் யோசித்து, என்னைத் திருத்துகிற குரலில் சொன்னாள்: "வெந்த நண்டு."

அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஊரில் எத்தனை பேர் அந்த அட்டையைப் பார்த்து வளர்ந்திருப்போம். சிரித்துக்கொண்டிருப்பது செத்த நண்டு என்று எனக்கு ஐம்பது வருடத்தில் தோன்றவில்லை.

"நிஜ நண்டு எவ்வளவு பெருசு இருக்கும்?"

இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, கிண்ணம் போலக் குழித்துக் காட்டினாள். பிறகு அது போதாது என்று பட்டதோ, கட்டை விரல்களைக் கொஞ்சம் விலக்கினாள். கண்ணை அகல விரித்தாள், பாட்டனார் வேளாவுக்கு விரித்தது போலவே.

நான் என் கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தேன். நண்டு கம்பெனியில் தனியாக எடுத்து வைத்த தண்ணி நண்டு அதில் அடங்காது.

வெளியே பேருந்து ஹாரன் கேட்டது. அவள் இன்னும் கையைக் கலைக்கவில்லை. அதற்குள் இருப்பது ஓடிவிடும் என்பது போல விரல்களை மெல்ல மூடினாள்.